மனவளக்கலையும் கிறிஸ்தவத் தியானமும்: ஓர் இறையியல் நோக்கு

முன்னுரை

“ஐயா, மனவளக்கலைப் பயிற்சிக்கு நான் போகலாமா?” என்னும் கேள்வி இன்று தமிழகத்துத் திருச்சபை ஆயர்களுள் பெரும்பாலோரை எட்டியுள்ளது. ஒரு காலத்தில் இக்கேள்வியை நகரத்து அலுவலர்களும் ஓய்வுபெற்றவர்களும் மட்டுமே கேட்டனர். இப்பொழுது பள்ளி ஆசிரியர்களும் சிற்றூர்ப் பெண்களும் இதனைக் கேட்கின்றனர். கள்வராயன் மலைமேலுள்ள கரியாலூர் போன்ற இடங்களில் திருப்பணி செய்யப்போகும் இறையியல் மாணவரும் இக்கேள்வியை எதிர்கொள்ள ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. ‘அது பிசாசின் வலை, அருகிலும் செல்லாதே’ என்பது ஒன்று. ‘அது வெறும் உடற்பயிற்சிதானே, போனால் என்ன?’ என்பது மற்றொன்று. இரண்டும் கேட்டவரை விரைவில் அனுப்பிவிடும் விடைகளே. முதலாவது, அயலாரைப்பற்றி ஆராயாமல் சாட்சி சொல்லுகிறது. இரண்டாவது, அவ்வியக்கத்தார் தம் நெறியைப்பற்றித் தாமே கூறுவதைக்கூடக் கேளாமல் விடுகிறது. இவ்வியக்கம் எதைக் கற்பிக்கிறது, அதில் நாம் மதிக்கத்தக்கது எது, நற்செய்தி அதனின்று எவ்விடத்தில் வேறுபடுகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயக்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

மனவளக்கலையை நிறுவிய வேதாத்திரி மகரிஷி 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் சென்னைக்கு அருகிலுள்ள கூடுவாஞ்சேரியில் ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தாமும் தறியில் அமர்ந்து உழைத்தவர். பின்னர்த் துணி உற்பத்தித் தொழிலும் நடத்தினார். ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகிய மருத்துவ முறைகளைக் கற்றார். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகத்தில் தீட்சை பெற்றார். 1958-இல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1970-களிலிருந்து அமெரிக்கா உள்ளிட்ட வெளிநாடுகளுக்குச் சென்று தம் முறையைக் கற்பித்தார். 1984-இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் ‘அறிவுத் திருக்கோயில்’ என்னும் நடுவத்தை அமைத்தார். 2006-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, இவர் துறவியல்லர், குடும்பத்தில் வாழ்ந்தவர். குடும்ப அமைதியை ஆன்மீகப் பயிற்சியின் உரைகல்லாகக் கொண்டவர். தம் மனைவி லோகாம்பாளின் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 30-ஐ ‘மனைவி நல வேட்பு நாள்’ எனக் கொண்டாடும்படி செய்தவர். இரண்டாவது, இவர் கற்பித்தது பெரும்பாலும் எளிய தமிழில். திருமூலர், தாயுமானவர், வள்ளலார் ஆகியோரின் மரபில் தம்மை நிறுத்திக்கொண்டார். ஆகையால் வடமொழி மந்திரத்தைக் கேட்டு ஒதுங்கும் சாதாரணத் தமிழனும் இவருடைய சொற்களைத் தன் வீட்டுச் சொற்களாகவே உணருகிறான். மூன்றாவது, குண்டலினி யோகம் நெடுங்காலமாகக் குருவினிடம் பல ஆண்டுகள் காத்திருந்து பெறப்பட்ட மறைபொருளாயிருந்தது. அதனை உழைக்கும் மக்களும் மாலை வேளையில் கற்கத்தக்க எளிய முறையாக இவர் மாற்றினார்.

இம்மாற்றம் தனித்து நிகழ்ந்ததன்று. 1896-இல் விவேகானந்தரின் இராஜயோக நூல் வெளிவந்த காலந்தொட்டு, யோகம் மடத்திலிருந்து மன்றத்துக்கு வந்துகொண்டிருந்தது. மகேஷ் யோகி தம் ஆன்மீக மறுமலர்ச்சி இயக்கத்தை அறிவித்ததும் 1957-58-இல் இதே சென்னையில்தான். 2014-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21-ஐ உலக யோகா நாளாக அறிவித்தபோது இந்த நீண்ட பயணம் அரசுகளின் ஒப்புதலையும் பெற்றது.

2. பயிற்சியின் அமைப்பு

மனவளக்கலையில் நான்கு உறுப்புகள் உள்ளன. அவை எளியமுறை உடற்பயிற்சி, காயகல்பப் பயிற்சி, தவம், அகத்தாய்வு என்பவை.

உடற்பயிற்சியில் கை, கால், கண், மூச்சு முதலியவற்றுக்கான அசைவுகளும், உடலைத் தேய்த்துவிடுதலும், தளர்த்துதலும் அடங்கும். முதியோரும் செய்யத்தக்கவையாக இவை அமைந்துள்ளன. காயகல்பம் சித்தர் மரபிலிருந்து எடுக்கப்பட்டு, உயிராற்றலைப் பேணி இளமையைக் காப்பதாகக் கூறப்படும் பயிற்சி.

தவம் தீட்சையுடன் தொடங்குகிறது. ஆசிரியர் மாணவரின் புருவ நடுவைத் தொட்டுணர்த்தி, மூலாதாரத்திலுள்ள குண்டலினி ஆற்றலை ஆக்கினைக்கு உயர்த்துவதாகக் கூறப்படுகிறது. பின்னர்ச் சாந்தி தவம், துரியம், துரியாதீதம் எனப் படிப்படியாக மனம் நுண்மையடைகிறது. தவத்தின்போது அருட்காப்பு என்னும் காப்புமொழியும், குடும்பத்துக்கும் உலகுக்கும் வாழ்த்தும் சொல்லப்படுகின்றன.

அகத்தாய்வு இவ்வியக்கத்தின் சிறப்பான பகுதி எனலாம். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், ‘நான் யார்’ என உசாவுதல் ஆகியவை இதன் படிகள். சினம் தவிர்க்க விழைபவர், தாம் யார்மீது அடிக்கடி சினங்கொள்கிறார் எனப் பட்டியல் எழுதுகிறார், காரணத்தை ஆராய்கிறார், அமைதியான வேளையில் அவரை நினைந்து ‘வாழ்க வளமுடன்’ என வாழ்த்துகிறார். கவலைகளையோ நான்காகப் பகுக்கிறார்: அனுபவித்தே தீரவேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்கவேண்டியவை.

இதனை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. மனைவிமீது கைநீட்டிய ஒருவன் தன் சினத்தைத் தாளில் எழுதி ஆராயக் கற்றுக்கொண்டால், அந்த வீட்டில் அன்றிரவு ஒரு நன்மை நிகழ்ந்திருக்கிறது. சினத்தை அடக்குங்கள் என்று நாம் ஞாயிறுதோறும் சொல்லுகிறோம். எப்படி அடக்குவது என்பதைத் திங்கட்கிழமை காலையில் செய்யத்தக்க முறையில் எத்தனை சபைகளில் கற்பிக்கிறோம்? நம் மக்கள் அங்கே செல்வதன் காரணங்களுள் இது முதன்மையானது.

3. அடிப்படைத் தத்துவம்

இப்பயிற்சிகளுக்குப் பின்னால் ஒரு முழுமையான உலகநோக்கு உள்ளது. ‘பிரம்மஞானம்’ என்னும் பெயரிலேயே அது உயர்நிலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

ஆதியில் இருப்பது சுத்தவெளி, அதுவே இறைநிலை. வற்றாயிருப்பு, பேராற்றல், பேரறிவு, காலம் என்னும் நான்கு வளங்கள் அதற்கு உண்டு. அது தன்னைத்தானே இறுக்கிச் சூழ்ந்தழுத்தும் தன்மையால் நுண்துகளாகிறது. துகள்களின் சுழற்சியிலிருந்து காந்தம் பிறக்கிறது. காந்தத்திலிருந்து ஐம்பூதங்களும் உயிர்களும் தோன்றுகின்றன. மனிதனில் இயங்குவது சீவகாந்தம். பேரண்டத்தில் இயங்குவது வான்காந்தம். மனிதனுடைய அறிவு தன் மூலத்தை நோக்கி ஒடுங்கும்போது, தானே அந்த இறைநிலை என உணருகிறது. இவ்வுணர்வே முழுமைப்பேறு.

மனிதனின் கருமையத்தில் வினைப்பதிவுகள் சேர்ந்துள்ளன. அவற்றுள் சஞ்சிதம் என்பது முன்னோரிடமிருந்து பெற்றோர் வழியாகக் கருத்தொடராக வருவது. வழக்கமான மறுபிறவிக் கொள்கைக்கு வேதாத்திரியார் தந்த புதிய விளக்கம் இது. ஒவ்வொரு செயலும் தனக்குரிய விளைவைத் தவறாமல் தருகிறது. அவ்வொழுங்கே இறைவனின் நீதி. பழைய பதிவைத் தவத்தாலும் பிராயச்சித்தத்தாலும் அதன்மேல் நற்பதிவை இடுவதாலும் மாற்றலாம். ஆகவே இது விதியை நம்பிக் கைகட்டியிருக்கும் கொள்கையன்று. முயற்சியை வற்புறுத்தும் கொள்கை. தனிமனித அமைதியிலிருந்து போரற்ற உலகமும் ஒரே உலக ஆட்சியும் உருவாகும் என்பது அவருடைய பெருங்கனவு.

4. சமயமா, அறிவியலா?

இது எம்மதத்துக்கும் பொதுவானது, அறிவியலின்பாற்பட்டது என்று இவ்வியக்கத்தார் கூறுவர். உருவ வழிபாட்டை வற்புறுத்துவதில்லை. மதம் மாறும்படி யாரையும் கேட்பதுமில்லை. இதனை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும், மதமாற்றம் கேளாதது எல்லாம் சமயக் கருத்தற்றது ஆகிவிடாது. இதற்கு ஒப்பாக ஒரு நிகழ்ச்சியை எண்ணலாம். மகேஷ் யோகியின் தியான முறை அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில அரசுப் பள்ளிகளில் பாடமாகக் கற்பிக்கப்பட்டபோது வழக்குத் தொடரப்பட்டது. கற்பித்தவர்கள் அது அறிவியல் என்றனர். ஆனால் தொடக்கச் சடங்கில் நடந்த குருபூசையையும் பாடநூலின் கருத்துகளையும் ஆராய்ந்த நீதிமன்றம் 1977-இல் அது சமயத் தன்மையுடையது எனத் தீர்ப்பளித்தது. 1979-இல் மேல்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. மனவளக்கலை வேறு, அது வேறு. ஆயினும் அவ்வழக்கு நமக்கு ஒரு முறையைக் கற்பிக்கிறது: ஒரு நெறி தன்னை எப்பெயரால் அழைக்கிறது என்பதோடு நில்லாமல், கடவுள், மனிதன், மீட்பு ஆகியவற்றைப்பற்றி அது என்ன சொல்லுகிறது என ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயின், சுத்தவெளியைப்பற்றிய கூற்று இயற்பியலின் முடிவு அன்று. அது ஓர் இறைக்கொள்கை என்பது விளங்கும். இயற்பியலார் அளந்தறியும் காந்தமும் சீவகாந்தமும் பெயரால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றல்ல.

இவ்விடத்தில் நம் மேடைகளில் கேட்கும் வாதம் ஒன்றையும் ஆராய்வது நன்று. குண்டலினி பாம்பாக உருவகிக்கப்படுவதால் அது ஏதேனில் வந்த சர்ப்பமே என்பர் சிலர். இவ்வாதம் வலுவற்றது. வனாந்தரத்தில் மோசே உயர்த்தியதும் சர்ப்பமே. அதனை மனுமகனுக்கு ஒப்பாக யோவான் 3:14 கூறுகிறது. உருவகத்தின் வடிவைக் கொண்டு ஒரு நெறிக்குத் தீர்ப்பளிப்பது இறையியல் ஆகாது.

5. நம் முன்னோர் கண்ட வழிகள்

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. தென்னிந்திய இறையியலார் இருவர் இதனை இரு வேறு வழிகளில் எதிர்கொண்டனர்.

பாண்டிபெத்தி செஞ்சையா (1886-1959) வழக்கறிஞர். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றியவர். தாம்பரம் மாநாட்டை முன்னிட்டு 1938-இல் வெளிவந்த ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்தித்தல்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். அவர் கும்பகோணத்தில் மாஸ்டர் சி.வி.வி. 1910-இல் தொடங்கிய யோக நெறியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். கிறிஸ்து புதுப்படைப்பின் தொடக்கம். தூய ஆவியானவர் மனிதகுலத்துள் நுழைந்த புதிய ஆற்றல். ஆகவே திருச்சபைக்கு வேண்டியது ‘ஆவியின் யோகம்’ என்றார் அவர். மீட்பு என்பது குற்றத்தீர்ப்பிலிருந்து விடுபடுவதோடு முடிவதன்று. மனிதன் புதிதாக்கப்படுதல் என்பது அவருடைய அழுத்தம். இது நாம் இழக்கக்கூடாத அழுத்தம்.

கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமியோ வேறு வழியில் நடந்தார். 1927-இல் வெளிவந்த நூலில் கிறிஸ்தவத்தைப் பக்திமார்க்கமாக விளக்கினார். தாமும் பிதாவும் ஒன்றாயிருப்பதாக யோவான் நற்செய்தியில் இயேசு கூறுவதைப் பொருளால் ஒன்றாதல் என்று கொள்ளாமல், அன்பாலும் கீழ்ப்படிதலாலும் ஒன்றாதல் என்று அவர் விளக்கினார். கொடி திராட்சச்செடியில் நிலைத்திருக்கிறது. ஆனால் கொடி செடியாகிவிடுவதில்லை. மனவளக்கலையின் நடுவம் நிற்கும் அதே கோவை நாட்டில் பணியாற்றிய இப்பேராயரின் சிந்தனை நமக்கு இன்றும் கைவிளக்காகும்.

இவ்விருவருக்கும் அருகில் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் வைத்துப் பார்க்கலாம். 1921-இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் அதனை நிறுவினர். இருவரும் மருத்துவர்கள். அங்கே மன்றாட்டும் மருத்துவப்பணியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. தியானம் நோயாளியின் படுக்கையிலிருந்து பிரிக்கப்படவில்லை.

6. திருமறை கூறும் தியானம்

முதலாம் சங்கீதம் கடவுளின் திருச்சட்டத்தை இரவும் பகலும் தியானிப்பவனைப் பேறுபெற்றவன் என்கிறது. அங்கு வரும் எபிரேய வினைச்சொல் ‘ஹாகா’. ஏசாயா 31:4-இல் இரைமேல் நின்று உறுமும் சிங்கத்தின் ஒலிக்கும், 38:14-இல் புறாவின் முனகலுக்கும் இதே சொல் ஆளப்படுகிறது. எனவே திருமறையின் தியானம் வாயும் தொண்டையும் சேர்ந்து செய்யும் செயல். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்து உட்கொள்ளுதல். மனத்தை வெறுமையாக்குதல் அதன் குறிக்கோள் அன்று. கடவுள் உரைத்ததால் மனத்தை நிரப்புதலே குறிக்கோள்.

ஆயினும் உடலுக்கும் மூச்சுக்கும் அங்கு இடமில்லை என்று எண்ணலாகாது. பதினான்காம் நூற்றாண்டில் ஆதோஸ் மலைத் துறவிகள் தலைகுனிந்து, மூச்சை ஒழுங்குபடுத்தி, இயேசுவின் பெயரைச் சொல்லி மன்றாடினர். பர்லாம் என்பவர் அதனை எள்ளினார். கிரெகோரி பலாமாஸ் (1296-1359) துறவிகளுக்காக வாதிட்டார்: உடல் தூய ஆவியின் ஆலயமாயின், மன்றாட்டில் உடல் பங்குபெறுவதில் இழிவில்லை, ஆனால் கடவுளின் ஒளி அருளால் வருவது, முறையால் விளைவிக்கப்படுவது அன்று. 1341-ஆம் ஆண்டிலும் 1351-ஆம் ஆண்டிலும் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கமே தீர்மானித்தன. 1989-இல் உரோமைத் திருச்சபை கிறிஸ்தவத் தியானத்தைப்பற்றி வெளியிட்ட மடலும் ஏறத்தாழ இவ்வெல்லையையே வரைந்தது: முறைகள் துணைசெய்யலாம், அவற்றால் எழும் இனிய உணர்வைத் தூய ஆவியின் ஆறுதல் என மயங்கலாகாது.

சீர்திருத்தத் திருச்சபையாராகிய நமக்கு லுத்தர் விட்டுச்சென்ற வழியும் உண்டு. 1539-இல் எழுதிய முன்னுரையில் இறையியலாளரை உருவாக்குபவை மன்றாட்டு, தியானம், சோதனை ஆகிய மூன்றும் என்றார். அவர் கூறும் தியானம் வெளியிலிருந்து வரும் வார்த்தையை வாய்விட்டு வாசித்து அசைபோடுவது. அதற்கு முன்பே, 1535-இல், பேதுரு என்னும் தம் முடிதிருத்துநருக்காக மன்றாடும் முறையை ஒரு சிறுநூலாக எழுதினார். ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து நான்கு இழைகளால் மாலை தொடுக்கச் சொன்னார்: இது எனக்கு எதைக் கற்பிக்கிறது? எதற்காக நன்றி சொல்லுவேன்? எதை அறிக்கையிடுவேன்? எதை வேண்டுவேன்? உழைக்கும் மனிதன் காலை வேளையில் செய்யத்தக்க ஆன்மீகப் பயிற்சி நம் மரபில் இல்லை என்று சொல்லுவோர் இந்நூலை அறியாதவர்களே.

7. வினைப்பதிவும் மன்னிப்பும்

இப்பொழுது நடுவான வேறுபாட்டுக்கு வருகிறோம். அது யோகாசனத்திலோ மூச்சுப் பயிற்சியிலோ இல்லை. ‘என் கடந்த காலத்தை யார் மாற்றுவார்?’ என்னும் கேள்வியிலேயே உள்ளது.

மனவளக்கலையின் விடை: நானே, என் விழிப்பாலும் பயிற்சியாலும். பதிவைப் பதிவால் மாற்றவேண்டும். சுத்தவெளி என்னைக் கண்டிக்காது, மன்னிக்கவும் செய்யாது. ஏனெனில் அது என்னோடு பேசும் ஒருவர் அன்று. நற்செய்தியின் விடை: எனக்கு வெளியேயிருந்து ஒருவர் வந்து என் கடனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு என்பது ஒருவர் மற்றொருவருக்குக் கொடுப்பது. வெளியினிடமோ ஆற்றலினிடமோ அதனைப் பெற இயலாது. இளைய மகன் பன்றிகளிடையே அமர்ந்து செய்தது சிறந்த அகத்தாய்வே. அவனுக்குப் புத்தி தெளிந்தது என்று லூக்கா 15:17 கூறுகிறது. ஆனால் அத்தெளிவு மட்டும் அவனை மகனாக்கவில்லை. வழியில் ஓடிவந்த தகப்பன் ஒருவன் இருந்தான்.

இங்கு வியப்பான ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தத்துவத்தில் இறைநிலை ஆளற்ற வெளி. ஆனால் அருட்காப்பில் அருட்பேராற்றலின் காப்பு நாடப்படுகிறது. வெளியினிடம் காப்பை நாடுவானேன்? மனிதனின் நெஞ்சம் தன் தத்துவத்தைக் கடந்து, கேட்கும் செவி ஒன்றை நாடுகிறது என்பதன்றி வேறென்ன? ஆளற்றதைப்பற்றிய நூலில் ‘அருள்’ என்னும் சொல் வருமிடத்தில், அச்சொல்லைக்கொண்டே நாம் அன்புடன் உரையாடலைத் தொடங்கலாம்.

8. கரியாலூரிலிருந்து நோக்கும்போது

இவ்வேறுபாடு கல்லூரி வகுப்பறையில் முடிந்துவிடுவதன்று. இதனைக் கள்வராயன் மலையில் நின்று நோக்கினால் இதன் எடை விளங்கும்.

இம்மலையில் வாழும் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களது மரபுவழிக் கதை. 1976-இல் அரசு ஏற்கும்வரை இம்மலைகள் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தன. அதன்பின்னும் சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவை மெதுவாகவே மலையேறின. பிழைப்புக்காகக் கீழ்நாட்டுக்கும் அயல் மாநிலங்களுக்கும் கூலிவேலைக்குச் செல்லுவோர் பலர். கள்ளச்சாராயம் காய்ச்சுதல் நெடுங்காலத் துயரம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் மலையடிவாரத்துக்கு அப்பால் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்.

இத்தகைய ஒரு வீட்டில், கணவனை இழந்த பெண்ணிடம் நாம் என்ன சொல்லுவோம்? சினத்தையும் கவலையையும் ஆராயும் பயிற்சி அவளுக்கு ஓரளவு உதவக்கூடும். உலக சமுதாய சேவா சங்கம் கிராமங்களைத் தத்தெடுத்து, மக்களிடம் கட்டணம் பெறாமல் இப்பயிற்சிகளைக் கற்பிக்கும் திட்டத்தை நடத்துகிறது. குடியை விட விரும்புபவனுக்கு ஒழுங்கான பயிற்சியும் கூடிவரும் தோழமையும் நன்மை செய்யும். இதனை நாம் பொறாமையின்றி ஏற்கலாம்.

ஆனால், ‘இத்துன்பம் ஏன்?’ என அவள் கேட்கும்போது, கருமையத்தின் பதிவு, பெற்றோர் வழி வந்த வினை என்னும் விடை போதுமா? யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்டது இதே கேள்வி: பிறவிக்குருடனானது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? ஆண்டவர் அக்கணக்கையே மறுத்துவிட்டு, சேற்றை உண்டாக்கிக் கண்களைத் திறந்தார். புளித்த திராட்சைப் பழமொழியை எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் தள்ளிவிட்டதும் இதன்பொருட்டே. விற்றவன் பாவமும், கண்டும் காணாதிருந்தவர்களின் பாவமும், தலைமுறைகளாய் நிலத்தையும் கல்வியையும் மறுத்தவர்களின் பாவமும், பாதிக்கப்பட்டவளின் கருமையத்தில் எழுதப்படலாகாது. தனிமனித மன அமைதியிலிருந்து உலக அமைதி தானே மலரும் என்னும் நம்பிக்கை உயர்ந்ததே. ஆயினும் அநீதிக்கு முகமும் முகவரியும் உண்டு. அதனை ஆமோஸைப்போல் பெயர்சொல்லிச் சுட்டும் குரலும் வேண்டும்.

இவ்விடத்தில் திருச்சபையும் தன்னைச் சோதித்தறிதல் வேண்டும். துன்புறுவோரிடம், ‘உன் வீட்டில் மறைந்திருக்கும் பாவம் என்ன?’ என்று கேட்கும் போதகர் நம்மிடையே இல்லையா? யோபுவின் நண்பர்கள் கற்பித்த அக்கொள்கை வினைக்கொள்கையினும் கொடியது. அது மன்னிக்கும் கடவுளின் பெயராலேயே சொல்லப்படுகிறது.

9. ஆயர்களுக்குச் சில வழிகாட்டுதல்கள்

(அ) கேள்வி கேட்டு வருபவரிடம், ‘போகலாம்’, ‘போகாதே’ என்னுமுன், ‘அங்கே எதைத் தேடிப் போகிறீர்?’ என்று கேளுங்கள். தூக்கமின்மை, முதுகுவலி, வீட்டுச் சண்டை, தனிமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. கடுமையான மனச்சோர்வோ மனநோயோ உடையவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். தியானம் மருத்துவத்துக்கு மாற்றன்று. நம்முடைய உபவாசக் கூட்டமும் அவ்வாறே.

(ஆ) பயிற்சியின் அடுக்குகளைப் பிரித்தறியுங்கள். கைகால் அசைத்தல், மூச்சு ஒழுங்கு, தளர்த்துதல் ஆகியவை படைப்பின் பொது நன்மைகள். சினத்தையும் கவலையையும் ஆராய்தல் நாம் கற்கத்தக்க ஒழுக்கம். தீட்சை பெறுதல், குரு வணக்கம், ‘நானே இறைநிலை’ என்னும் ஞானப்பாடம் ஆகியவை ஒரு விசுவாச அறிக்கை. திருமுழுக்கில் நாம் செய்த அறிக்கையோடு அவை இணைவதில்லை. எனவே முதலாவதைத் தடைசெய்ய நமக்கு உரிமையில்லை. மூன்றாவதைப்பற்றி மௌனமாயிருக்கவும் உரிமையில்லை. கிறிஸ்தவப் பள்ளிகளில் இப்பயிற்சிக்கு இடங்கேட்கப்படும்போதும் இதே பாகுபாடு பயன்படும்.

(இ) 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களை இக்கேள்வியோடு சேர்த்து வகுப்பில் கற்பியுங்கள். சந்தையில் வாங்கிய இறைச்சியைப் பவுல் தடுக்கவில்லை. விக்கிரகக் கோயிலின் பந்தியைத் தடுத்தார். இரண்டிலும் வலுவற்ற சகோதரனை நினைவில் வைத்தார். மலைநாட்டில் பழைய வழிபாட்டைவிட்டு அண்மையில் வந்த குடும்பத்துக்கு ஒரு செயல் தரும் பொருளும், நகரத்தில் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவருக்கு அதே செயல் தரும் பொருளும் ஒன்றல்ல.

(ஈ) மன்றாடக் கற்பியுங்கள். ‘ஜெபம் பண்ணுங்கள்’ என்று சொல்வதும் ஜெபிக்கக் கற்பிப்பதும் வேறு. வாரத்தில் ஒரு மாலை அரைமணி நேரம் சபையாருடன் அமருங்கள். முதுகு நிமிர்ந்து, மூச்சு அமைதியுற்று, ஒரு சங்கீத வசனத்தை மெல்லிய குரலில் பலமுறை சொல்லுங்கள். லுத்தரின் நான்கு இழைகளையும் தொடுங்கள். இறுதியில் யார்மீது சினமுண்டோ அவர் பெயரைச் சொல்லி வேண்டுங்கள். எழுத்தறியாத தாயும் இதில் பங்குபெற இயலும். ஹாகா என்பது காதால் கேட்டு வாயால் அசைபோடுவதே.

(உ) இவ்வியக்கத்தாரோடு பகையின்றிப் பழகுங்கள். குடியொழிப்பு, குடும்ப அமைதி, அமைதிப்பணி ஆகியவற்றில் ஒத்துழைக்க வாய்ப்புகள் உண்டு. அவர்களது நூல்களை நேரில் வாசித்தபின்னரே அவர்களைப்பற்றிப் பேசுங்கள். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை வேற்றுச் சமயத்தாரைப்பற்றிய பிரசங்கத்துக்கும் பொருந்தும்.

முடிவுரை

மனவளக்கலை நம் திருச்சபைக்கு முன்வைக்கும் அறைகூவல் முதன்மையாகத் தத்துவத்தைப்பற்றியதன்று, ஒழுங்கைப்பற்றியது. ஒரு நெசவாளர், உழைக்கும் மக்களுக்கு நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சி ஒன்றைத் தமிழில் கற்பித்தார், மக்கள் வந்தனர். நம்மிடம் அருளின் நற்செய்தி உண்டு. ஆனால் அதில் நாள்தோறும் வாழக் கற்பிக்கும் பணியை நாம் பெரும்பாலும் மேடைப் பேச்சுக்கு விட்டுவிட்டோம். அருள், முயற்சிக்குப் பகையன்று. தன் முயற்சியால் தன்னை மீட்கலாம் என்னும் நம்பிக்கைக்கே பகை. மன்னிக்கப்பட்டவன் பயிற்சி செய்கிறான்; மன்னிப்பைப் பெறுவதற்காக அல்ல, அதில் நிலைத்திருப்பதற்காக.

ஆகவே, “நான் போகலாமா?” எனக் கேட்டு வரும் சபையாருக்கு நாம் தரத்தக்க நல்ல விடை, அவரை அமரச்செய்து, திருமறையைத் திறந்து, அவரோடு சேர்ந்து மன்றாடத் தொடங்குவதே. அதன்பின் மற்றக் கேள்விகளை அவரோடு பொறுமையாகப் பேசலாம்.